தராசில் இருந்து தொடங்க வேண்டிய பயிற்சி: மலையகச் சிறு விவசாயியும் சந்தையும்

இலங்கை மலையகத்தில் சிறு விவசாயிகளுக்கான பயிற்சி வகுப்பு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கும். வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கதிரை போடுவார்கள். மண்ணைப் பரிசோதிப்பது, கூட்டெரு தயாரிப்பது, மருந்தை அளவோடு அடிப்பது என்று அரை நாள் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் விதைப் பக்கெட்டும் ஒரு சான்றிதழும் கிடைக்கும். சொல்லிக்கொடுப்பதில் பிழை கிடையாது, பலதும் நல்ல விஷயங்கள். ஆனால் அடுத்த போகம் முடிந்து அந்தக் குடும்பத்தின் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால், வகுப்புக்கு முன்னால் இருந்த நிலைதான் பெரும்பாலும் இருக்கும்.

வகுப்பு நிலத்தில் தொடங்கி அறுவடையோடு முடிந்துவிடுகிறது. மலையக விவசாயி தோற்பது அதற்குப் பிறகுதான். தேயிலைக் கொழுந்து தராசில் ஏறும்போது, கரட் மூட்டை லொறியில் ஏறும்போது, விதைக்கும் பசளைக்கும் கடன் சொல்லும்போது அவருடைய வருமானம் கரைகிறது. அதனால் பயிற்சியைப் பின்னாலிருந்து, விற்கும் இடத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. விற்கும் இடத்தில் அவருக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டால், மண்ணைப் பற்றிய பாடத்தை அவரே தேடி வருவார்.

முதலில், இங்கே சிறு விவசாயி என்பவர் யார்? இலங்கைத் தேயிலை என்றதும் பெருந்தோட்டம்தான் பலருக்கும் கண்ணில் வரும். உண்மையில் நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் சிறுபற்று நிலங்கள் எனப்படும் சிறு தேயிலைக் காணிகளில் இருந்து வருகிறது. அவற்றில் பெரும்பங்கு இரத்தினபுரி, காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கம். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலும் கணிசமாக உண்டு. ஆனால் அந்தச் சிறுபற்று நில உரிமையாளர்களில், தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் மிகக் குறைவு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வியாபாரப் பயிராக நட்ட காலத்தில் இருந்து அந்தச் செடியோடு வாழ்ந்தவர்களுக்கு ஏன் ஒரு துண்டு தேயிலை நிலம் இல்லை?

காரணம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறுதான். 1948இல் மலையகத் தமிழரில் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை போனது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்கக் குடியேற்றத் திட்டங்களில் காணி இல்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது, பிரித்துக் கொடுக்கப்பட்ட காணிகள் பெரும்பாலும் கிராமத்தவர்களுக்குப் போயின. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. நாடற்றோர் பிரச்சினையை முற்றாகத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாக்கு வந்தது, அடையாள அட்டை வந்தது, காணி மட்டும் வரவில்லை. இன்று ஒரு குடும்பத்துக்குத் தனி வீட்டோடு கொடுக்கப்படுவது 7 பேர்ச், பிந்திய திட்டங்களில் 10 பேர்ச். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச். வீடு கட்டியபின் 7 பேர்ச்சில் மிஞ்சுவது கறிமிளகாய்க்கும் கீரைக்கும்தான் போதும்.

ஆனாலும் மலையகத் தமிழரில் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள், கூடிக்கொண்டும் வருகிறார்கள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்த காசில் அரை ஏக்கர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கிராமத்துக் காணியைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், ஓடைக் கரையில், தோட்டம் கைவிட்ட மலையில் மரக்கறி செய்கிறவர்கள் ஏராளம். தோட்ட வேலையை விட்டுவிட்டு, தோட்டம் பிரித்துக் கொடுத்த தேயிலைச் செடிகளைப் பராமரித்துக் கொழுந்தைக் கிலோக் கணக்கில் தோட்டத்துக்கே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து ஒரே பாடத்தை நடத்த முடியாது.

கொழுந்துக் கணக்கு

தேயிலையை முதலில் எடுப்போம், ஏனென்றால் அங்கே விலைக்கு என்று ஒரு விதி இருக்கிறது. தொழிற்சாலை தன் தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் விற்கிறது. 1883இல் இருந்து நடக்கும் ஏலம் அது. விற்று வந்த தொகையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது அடிப்படைப் பங்கீடு. தேயிலைத் தொழிலைக் கண்காணிக்கும் தேயிலைச் சபையின் ஆணையாளர் பிரிவு இதை வைத்துத்தான் மாதாமாதம் நியாய விலையைப் பார்க்கிறது.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு தொழிற்சாலையின் தேயிலை கிலோ 1,200 ரூபாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 68 வீதம் 816 ரூபா. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 816ஐ நாலரையால் பிரித்தால் ஒரு கிலோ கொழுந்துக்குச் சுமார் 181 ரூபா வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. ஆனால் கொழுந்து விற்கும் பல வீடுகளில் இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஏலத்தில் என்ன விலை போனது என்ற செய்தியே அவர்கள் வாசலுக்கு வருவதில்லை.

விலை சரியாக இருந்தாலும் தராசு இருக்கிறது. கொழுந்து லொறி வீதியோரத்தில் நிற்கும். சாக்கைத் தொங்கு தராசில் மாட்டுவார்கள், எண்ணைக் கொப்பியில் எழுதுவார்கள். பிறகு கழிவு. சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றல் இலைக்கு ஒரு கழிவு. 50 கிலோவில் 8 வீதம் கழித்தால் 4 கிலோ போயிற்று. நமது உதாரண விலையில் அது 724 ரூபா. 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது. அதாவது ஒரு சாக்கில், பென்சிலால் எழுதிய ஒரு வரியில், அந்தக் கணக்கில் அரைநாள் கூலிக்கு மேல் போகிறது. மாத முடிவில் வரும் கணக்குத் துண்டில் இதோடு பசளைக் கடன், முற்பணம், லொறிக் கூலி எல்லாம் வரிசையாகக் கழிந்து, கடைசியில் ஒரு தொகை நிற்கும். அந்தத் தொகையைப் பார்த்துத்தான் அந்த மாதம் நல்ல மாதமா கெட்ட மாதமா என்று வீட்டில் முடிவாகும். அதற்கு மேலே உள்ள வரிகளை வாசிப்பவர் குறைவு.

கழிவு என்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. சாக்கில் திணித்து வெயிலில் வைத்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், அதில் நல்ல தேயிலை வராது. முற்றல் இலை கூடினால் தொழிற்சாலையின் விலை ஏலத்தில் விழும். தொழிற்சாலைக்கு வரும் கொழுந்தில் 60 வீதமாவது நல்ல கொழுந்தாக இருக்க வேண்டும் என்று தேயிலைச் சபை வலியுறுத்துவதும் இதற்காகத்தான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் எடை குறையும், கை நேரம் கூடும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நான்கு இலையோடு பறித்து அதே லொறியில் அதே விலைக்குப் போட்டுவிட்டுப் போனால், நல்லதாகப் பறித்தவருக்கு நட்டம். நல்ல கொழுந்துக்குத் தனி விலை இல்லாத இடத்தில் நல்ல கொழுந்து பறிக்கச் சொல்லும் வகுப்பு காசு விரயம். தரத்தைப் பற்றி வகுப்பு நடத்துமுன், தரத்துக்கு விலை கொடுக்க அந்த லொறிக்காரரும் தொழிற்சாலையும் சம்மதிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வர வேண்டும்.

மலையகப் பெண்ணுக்குக் கொழுந்து பறிக்கச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. செடியைத் தறித்துவிடும் கவ்வாத்தை எப்போது வெட்டுவது, எந்த மலையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்று வர வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் அறிவு. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் போட்டு, தோட்டத்துத் தராசில் கொழுந்தை நிறுத்த காலத்தில் கணக்கை எழுதுவது கணக்கப்பிள்ளையின் வேலையாக இருந்தது. சொந்தக் கொழுந்தை விற்கும்போது அந்தக் கொப்பியை அவரே வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி வேண்டும். துண்டை வரி வரியாக வாசிப்பது, ஏல விலையில் இருந்து தன் விலையைப் போட்டுப் பார்ப்பது, கழிவு கூடினால் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபையின் பரிசோதகரிடமோ தேயிலைச் சபையின் பிராந்திய அலுவலகத்திலோ எப்படி முறையிடுவது என்று தெரிந்துகொள்வது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது, நூறு வயது ஆகிவிட்டது. அதன் ஆலோசனையில் பயன்பெற வேண்டியவர்கள் அதன் வேலிக்கு வெளியிலேயே இருக்கிறார்கள். அந்த அறிவு இந்தக் கொப்பியோடு சேர்ந்து வந்தால்தான் வீட்டுக்குள் நுழையும்.

இருபது குடும்பம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மாறும். ஒரு கூரை, ஒரு சொந்தத் தராசு, சாக்குக்குப் பதிலாகக் காற்றோட்டமான வலைப் பைகள். லொறி வருவதற்கு முன்பே கொழுந்து நிறுக்கப்பட்டு எழுதப்பட்டிருந்தால், லொறித் தராசு வேறு எண்ணைக் காட்டும்போது பேச ஒரு ஆதாரம் கையில் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்நூறு கிலோ ஒரே இடத்தில் கிடைக்கிறது என்றால் இரண்டாவது தொழிற்சாலையும் லொறி அனுப்பும். சிறுபற்று நிலச் சங்கங்கள் பல இடங்களில் பெயரளவுக்கு இருக்கின்றன. வருடாந்தக் கூட்டமும் பசளைப் பங்கீடும் தவிர வேறு வேலை இல்லாமல். அவற்றுக்கு ஒரு தராசைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கரட் மூட்டை போகும் வழி

மரக்கறியில் 68 வீதம் மாதிரி எந்த விதியும் இல்லை. கந்தப்பளையிலோ இராகலையிலோ வெலிமடையிலோ காலையில் கரட் பிடுங்குவார்கள். இலையை வெட்டி, வீதியோரக் கழுவும் இடத்தில் மண் போகக் கழுவி, மூட்டை கட்டுவார்கள். பின்னேரம் லொறி ஏறும். இரவோடு இரவாகத் தம்புள்ளை அல்லது பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போகும். மூட்டை லொறி ஏறும் நேரத்தில் விலை தெரியாது. விடிந்தபிறகு தொலைபேசியில் "இன்னிக்கு இவ்வளவுதான் போச்சு" என்று ஒரு எண் வரும். அதில் கமிஷன், லொறிக் கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு எல்லாம் போக மிச்சம். அந்த எண் உண்மையா என்று பார்க்க விவசாயி தம்புள்ளையில் நிற்கவில்லை.

விலை ஆடும் ஆட்டமும் சாதாரணமானதல்ல. 2024 ஜனவரியில் சில்லறைக் கடைகளில் ஒரு கிலோ கரட் 2,000 ரூபாவைத் தாண்டியது. மழையில் பயிர் அழிந்து வரத்து குறைந்ததுதான் காரணம். அந்த விலையை வாங்கியவர்கள் பயிர் தப்பிய சிலர். இப்படி விலை ஏறும்போதெல்லாம் நடப்பது ஒன்றுதான். எல்லோரும் அந்தக் கிழமையே கரட் விதைப்பார்கள். மூன்று, மூன்றரை மாதம் கழித்து எல்லோருடைய கரட்டும் ஒரே கிழமையில் லொறி ஏறும். பிடுங்குகிற கூலிகூட வராத விலைக்கு அப்போது போகும். மாவட்டத்தில் இந்தக் கிழமை எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது என்ற ஒரு தகவல் விதைக்குமுன் கைத்தொலைபேசிக்கு வந்தால், பலர் கோவாவுக்கோ போஞ்சிக்கோ மாறுவார்கள். கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் சந்தை விலைகளை ஒழுங்காகத் திரட்டி வெளியிடுகிறது. நேற்று என்ன விலை என்று அதில் பார்க்கலாம். விவசாயிக்கு வேண்டியது மூன்று மாதம் கழித்து எவ்வளவு வரத்து இருக்கும் என்பது. விவசாயத் திணைக்களத்தின் போதனாசிரியர்கள் கையில் விதைப்புக் கணக்கு இருக்கிறது. அது விவசாயிகளுக்குத் திரும்பி வர வேண்டும், தமிழிலும் வர வேண்டும்.

மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவடைக்குப் பிறகு மரக்கறியில் 30 முதல் 40 வீதம் வீணாகிறது என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மூட்டைக்கு மேல் மூட்டை, அதற்கு மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்து போகும் லொறியைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 2011 கடைசியில் அரசாங்கம் பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்கப் பார்த்தது. நோக்கம் மிகச் சரி. ஆனால் விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கி எதிர்த்தார்கள். கூடையின் விலையை யார் தருவது, வெறுங்கூடை எப்படித் திரும்பி வரும், ஒரு லொறியில் குறைவாக ஏறும் சரக்குக்கான கூலி யார் தலையில் விழும் என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கவில்லை. நசுங்கிய மரக்கறியால் நட்டப்படுவது கடைசியில் வாங்குபவரும் சில்லறைக் கடைக்காரரும். கூடைக்குச் செலவழிக்கச் சொல்லப்பட்டது முதலில் நிற்பவர்களிடம். எந்த நல்ல முறையையும் சொல்லிக்கொடுக்குமுன், அதன் செலவு யாருக்கு, லாபம் யாருக்கு என்று பார்த்துவிட வேண்டும் என்பதை அந்த அனுபவத்தில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சுப்பர்மார்க்கெட்டுகள் நேரடியாக வாங்குவதும் ஒரு வழி. 1990களின் கடைசியில் கார்கில்ஸ் ஹங்குராங்கெத்தவில் விவசாயிகளிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. இப்போது மலையகத்தில் பல சேகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நல்லது என்னவென்றால் விலை முன்பே தெரியும், எடை கண்முன்னே தெரியும், காசு கணக்கில் வரும். ஆனால் அளவான, நேரான, காயமில்லாத கரட்டைத்தான் எடுப்பார்கள். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி கமிஷன் கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் விவசாயி இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கிறார், அது புத்திசாலித்தனம். இங்கே உதவும் பயிற்சி, நிலத்திலேயே தரம் பிரிப்பது. எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்த சரக்கை அங்கே வரை கூலி கொடுத்துக் கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவராமல் இருந்தாலே ஒரு செலவு குறையும்.

குளிர்க் களஞ்சியம் பற்றி எல்லா மேடையிலும் பேசுவார்கள். இந்திய உதவியுடன் தம்புள்ளையில் 5,000 மெட்ரிக் தொன் கொள்ளளவுள்ள களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நாட்டுக்கு அவசியமான ஒன்று. மலையக விவசாயிக்கோ, தம்புள்ளையில் சரக்கு இறங்கிவிட்டால் அது ஏற்கனவே கைமாறின சரக்கு. விலை விழும்போது நாலு நாள் பொறுத்துப் பார்க்கும் பலம் அவருக்கு வேண்டுமென்றால், களஞ்சியம் கெப்பெட்டிப்பொலவிலும் நுவரெலியாவிலும், சின்னதாக, சங்கங்களின் கையில் இருக்க வேண்டும். கரட்டும் கோவாவும் சரியான குளிரில் வாரக்கணக்கில் தாங்கும்.

கடன் என்ற கயிறு

இவ்வளவும் சொன்னாலும், பலருக்கு எங்கே விற்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே இல்லை. விதை உருளைக்கிழங்கு விலை கூடிய சரக்கு. கிழங்கு போடும் குடும்பத்துக்கு விதையும் பசளையும் மருந்தும் சேர்ந்து பெரிய தொகை முன்னால் வேண்டும். வங்கி உறுதிப் பத்திரம் கேட்கும். உறுதி இல்லாதவர் நகையை அடகு வைப்பார், அல்லது மரக்கறி முதலாளியிடம் போவார். முதலாளி விதையைக் கொடுப்பார், பசளையைக் கொடுப்பார், ஆஸ்பத்திரிச் செலவு என்று இரவில் போய் நின்றாலும் கொடுப்பார். படிவம் இல்லை, பிணை இல்லை. பதிலுக்கு விளைச்சல் அவர் லொறியில்தான் ஏற வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு.

முதலாளியைத் திட்டுவது எளிது. பயிர் அழிந்தால் அவர் காசும் சேர்ந்துதான் போகிறது, வேறு யாரும் தராத நேரத்தில் தருகிறவர் அவர். ஆனால் இந்தக் கயிறு இருக்கும்வரை, விலைத் தகவல் கொடுத்தாலும் தரம் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தாலும் விவசாயியால் அதைப் பயன்படுத்த முடியாது. சந்தை வாய்ப்பு என்று பேசும் எந்தத் திட்டமும் முதலில் விதைக் காசுக்கு வழி சொல்ல வேண்டும். ஒரு போகத்துக்கான கடன், விளைச்சலுக்குப் பிறகு கட்டுவது, சங்கம் பிணை நிற்பது. இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

பாலைப் பாருங்கள். ஹட்டன், பொகவந்தலாவை, நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் காணி இல்லை. புல்லைத் தோட்டத்து ஓரங்களில் அறுத்து வருகிறார்கள். ஆனாலும் பாலில் வரும் வருமானம் மரக்கறியைவிட நம்பிக்கையானது. ஏனென்றால் சேகரிப்பு நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, தினமும் எடுக்கிறார்கள், கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் சோதித்து விலை போடுகிறார்கள். நல்ல பாலுக்கு நல்ல விலை என்பது அட்டையில் தெரிகிறது. அதனால்தான் அங்கே தீவனம் பற்றியும் சினைப்படுத்தல் பற்றியும் நடக்கும் வகுப்புக்கு ஆட்கள் கேள்விகளோடு வருகிறார்கள். பாலிலும் குறை இல்லாமல் இல்லை, கொள்வனவு விலைக்கும் தீவன விலைக்கும் நடக்கும் இழுபறி ஓயாதது. ஆனால் அளவீடு கண்முன்னே நடக்கும் சந்தையில் பயிற்சி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை.

பதிவில் இல்லாதவர்கள்

கமநல சேவை நிலையத்தில் பெயர் பதிந்தால்தான் பசளை மானியம், பயிர்க் காப்புறுதி, பயிற்சி அழைப்பு எல்லாம். பதிவுக்குக் காணியைக் காட்ட வேண்டும். தோட்டத்துக் காணியில் செய்கிறவர் எதைக் காட்டுவார்? அவர் செய்யும் துண்டு நிலம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உள்ளூராட்சியிலும் இதே கதை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் பிரதேச சபை காசு செலவழிப்பதைத் தடுத்து வைத்திருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடம் தோட்டத்து வீதி யாருடைய பொறுப்பும் இல்லை. மூட்டையைத் தலையில் சுமந்து பெரிய வீதிக்கு இறக்கிய கூலி எல்லாம் இந்தச் சட்டத்தின் விலை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. பயிரும் போனது. வீதிகள் துண்டிக்கப்பட்டு, தப்பிய மரக்கறியையும் வெளியே அனுப்ப முடியவில்லை. பதிவுள்ளவர் நட்டஈட்டுப் படிவத்தில் தன் ஏக்கரை எழுதலாம். ஓடைக் கரையில் முப்பது வருடம் லீக்ஸ் போட்ட குடும்பம் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? காணி உரிமை கிடைக்கும்வரை காத்திருக்காமல், இப்போதே செய்கையைப் பதிய ஒரு வழி வேண்டும். உரிமையாளர் யார் என்பது வேறு கேள்வி. யார் செய்கிறார், எவ்வளவு, என்ன பயிர் என்பதைக் கிராம சேவகரும் விவசாயப் போதனாசிரியரும் எழுதிக் கையெழுத்திட முடியும்.

2021 பசளைத் தடையையும் மறக்கக் கூடாது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாடு முழுக்க ஒரே இரவில் சேதன விவசாயத்துக்கு மாறச் சொல்லப்பட்டது. நவம்பரில் தடை நீங்கினாலும் அடி விழுந்துவிட்டது. 2021இல் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, அடுத்த வருடம் சுமார் 250 மில்லியனுக்கு இறங்கியது. நுவரெலியாவில் பசளையும் மருந்தும் அளவுக்கு மிஞ்சிப் போடப்படுவது உண்மை, குறைத்தே ஆக வேண்டும். ஆனால் கூட்டெரு பற்றிச் சொல்ல வரும் அதிகாரியை அதன்பிறகு விவசாயிகள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். நல்ல விஷயத்தை வற்புறுத்தித் திணித்ததால் அந்த விஷயத்துக்கே கெட்ட பெயர் வந்தது. இன்று மண்ணைக் காக்க வருகிறவர்கள் ஒரு மூலையில் நாலு பாத்தியில் செய்து காட்டி, செலவுக் கணக்கையும் பக்கத்தில் எழுதி வைத்துத்தான் பேச வேண்டும்.

வகுப்பு நடக்கும் நேரமும் மொழியும் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் மலையில் நிற்கும் பெண்ணால் வர முடியாது. வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். வீட்டுத் தோட்டத்திலும் மாட்டுப்பட்டியிலும் வேலை செய்கிறவர் அவர், வகுப்பில் உட்காருகிறவரோ வீட்டு ஆண். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர்கள். ஆனாலும் தமிழில் பேசக்கூடிய போதனாசிரியர்கள் போதாது, துண்டுப் பிரசுரங்களும் பல நேரம் சிங்களத்தில் மட்டும் வருகின்றன. மருந்துப் போத்தலின் லேபிளை வாசிக்க முடியாதவருக்கு மருந்தின் அளவைப் பற்றி எதைச் சொல்லிக்கொடுப்பது? விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனை இலக்கம் பலருக்குத் தெரியாது. தமிழ் தெரிந்த ஒருவர் எடுப்பார் என்ற நம்பிக்கை வந்தால் அந்த இலக்கம் லயம் லயமாகப் பரவும். படித்துவிட்டு வேலை தேடும் மலையக இளைஞர்களை இந்தப் பதவிகளுக்கு எடுப்பது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கையெழுத்துப் போடுமுன்

கடைசியாக, இப்போது வேகமாகப் பரவும் ஒரு முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பனிகள் தோட்டத்துத் தேயிலையைக் குடும்பத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்குகின்றன. கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் இது முன்வைக்கப்படுகிறது. நாட்கூலிக்கு நிற்பதைவிடச் சொந்த நேரத்தில் உழைப்பது நல்லது என்று விரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கூடுதலாகச் சம்பாதிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் நிலம் கம்பனியுடையது, தராசு கம்பனியுடையது, பசளை கம்பனியின் கணக்கில், வாங்குவதும் கம்பனி. மழை இல்லாத மாதத்தின் நட்டம் மட்டும் குடும்பத்துக்கு.

இந்த இடத்தில் பயிற்சிக்கு உண்மையான வேலை இருக்கிறது. தொழிற்சங்கமோ தொண்டு நிறுவனமோ யார் நடத்தினாலும் சரி, ஒப்பந்தத்தைத் தமிழில் உரக்க வாசித்து ஒவ்வொரு வரியையும் கேட்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு? கிலோ விலை ஏல விலையோடு சேர்ந்து ஏறி இறங்குமா, அல்லது கம்பனி நினைத்தபோது மாறுமா? 68 வீதப் பங்கீடு இவர்களுக்கும் பொருந்துமா? தொழிலாளிக்குரிய சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தொடருமா? கவ்வாத்து வெட்டிய செடியில் சில மாதம் கொழுந்து வராது, அந்த மாதங்களில் வீடு எதைச் சாப்பிடும்? செடி செத்து வெற்றிடம் விழுந்த இடத்தில் புதுச் செடி நட்டால் அந்தச் செலவு யாருடையது? குடும்பத் தலைவர் இறந்தால் செடிகள் மனைவி பெயருக்கு மாறுமா? அவர்தானே இத்தனை வருடமும் அதில் கொழுந்து பறித்தவர். விலகிக்கொள்ள நினைத்தால் லயத்து வீட்டில் இருக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடலாம். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி வீட்டிலும் ஒரு பிரதி சங்கத்திலும் இருக்க வேண்டும்.